பழைய சொகுசுக் கார்: டயரும் மைலேஜும்

கேள்வி: இருபது ஆண்டுகளை நெருங்கும் ஒரு சொகுசு செடான் என்னிடம் இருக்கிறது. ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், ஆட்டோமேட்டிக் கியர். தேய்ந்துபோன நான்கு டயர்களையும் அண்மையில் மாற்றினேன். அதுவரை லிட்டருக்கு 8 கி.மீ. கொடுத்த வண்டி இப்போது 7.6 மட்டுமே கொடுக்கிறது. புதிய டயரால் மைலேஜ் குறையுமா? எரிபொருளைச் சேமிக்கும் டயர் என்று விற்பதை வாங்கியிருக்க வேண்டுமா?

பதில்: குறையும், ஆனால் நீங்கள் காணும் குறைவு முழுவதும் உண்மையான இழப்பு அன்று. டயர் உருளும்போது சாலையைத் தொடும் பகுதி நசுங்கி, மீண்டும் பழைய வடிவத்துக்கு வருகிறது. அப்படி நசுங்கி மீளும் ஒவ்வொரு முறையும் இன்ஜின் கொடுத்த ஆற்றலில் ஒரு பகுதி ரப்பருக்குள் வெப்பமாக வீணாகிறது. இதைத்தான் உருளல் தடை என்கிறார்கள். புதிய டயரில் மேற்பரப்பு ரப்பர் ஏறத்தாழ 8 மி.மீ. ஆழப் பள்ளங்களோடு தடிமனாக இருப்பதால் இந்த இழப்பு அதிகம்; தேய்ந்த டயரில் ரப்பர் குறைவு, ஆகவே இழப்பும் குறைவு. இதோடு இன்னொன்றும் சேர்கிறது. தேய்ந்த டயரின் சுற்றளவு சற்றுச் சிறியது என்பதால், அதே தூரத்துக்கு அது கூடுதலாகச் சுற்றுகிறது. சக்கரச் சுற்றுகளை எண்ணும் ஓடோமீட்டர், ஓடாத தூரத்தையும் ஓடியதாகக் காட்டுகிறது. முற்றிலும் தேய்ந்த டயருக்கும் புதிய டயருக்கும் இடையே இது ஒன்று முதல் இரண்டு விழுக்காடு வரை வரலாம். அதாவது, உங்கள் பழைய 8 கி.மீ. என்பதே கொஞ்சம் மிகைப்பட்ட கணக்காக இருந்திருக்கக்கூடும்.

எரிபொருள் சேமிக்கும் டயர்கள் வெறும் விளம்பரம் அல்ல. 1990களின் தொடக்கத்தில் மிஷெலின் நிறுவனம் ரப்பர் கலவையில் கார்பன் பிளாக் என்னும் கரித்தூளின் பெரும்பகுதிக்குப் பதிலாக சிலிக்காவைச் சேர்த்த டயர்களைக் கொண்டுவந்தது; ஈரச் சாலையில் பிடிமானத்தை இழக்காமலேயே உருளல் தடையைக் குறைக்க முடியும் என்று அது காட்டியது. இன்று அந்த வழியை எல்லோரும் பின்பற்றுகிறார்கள். ஆனால் அதனால் கிடைக்கும் அளவை நிதானமாகப் பார்க்க வேண்டும். உருளல் தடை 10 விழுக்காடு குறைந்தால் எரிபொருள் செலவு 1 முதல் 2 விழுக்காடு வரை குறையும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. 20 விழுக்காடு குறைவான தடையுள்ள டயரைப் போட்டாலும் உங்கள் வண்டியில் 7.6 என்பது 7.8 அல்லது 7.9 ஆகும், அவ்வளவுதான். ஆண்டுக்கு 15,000 கி.மீ. ஓட்டினால், ஏறக்குறைய 2,000 லிட்டரில் 40 முதல் 80 லிட்டர் வரை மிச்சமாகும். இதை ஒதுக்கத்தக்க அளவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் 1,600 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு காரை மழையில் நிறுத்த வேண்டிய டயரை, இந்த ஒரு காரணத்துக்காக மட்டும் தேர்ந்தெடுப்பது சரியன்று. ஐரோப்பிய டயர் லேபிளில் எரிபொருள் சிக்கனத்துக்கும் ஈரப் பிடிமானத்துக்கும் தனித்தனித் தரம் குறிக்கப்பட்டிருக்கும். இரண்டில் ஒன்றைத்தான் உயர்வாகப் பெற முடியும் என்ற நிலை வந்தால், ஈரப் பிடிமானத்தையே எடுங்கள்.

உங்கள் வண்டியின் வயதில் பெட்ரோல் பெரும்பாலும் வேறு இடங்களில் வீணாகிறது. இன்ஜினைக் குளிர்விக்கும் நீரின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றுவிட்டால் இன்ஜின் உரிய வெப்பத்தை எட்டாது. கட்டுப்பாட்டுக் கணினி குளிர்ந்த இன்ஜினுக்கான கூடுதல் பெட்ரோலைச் செலுத்திக்கொண்டே இருக்கும். புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் வயதாகி மெதுவாகவும் தவறாகவும் தகவல் தரும்போது, எச்சரிக்கை விளக்கு எரியாமலேயே பெட்ரோல்-காற்றுக் கலவை கெடலாம். பிரேக் பேடுகளை அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன் துருப்பிடித்து முழுமையாகப் பின்வாங்காவிட்டால், பிரேக் இலேசாக அழுந்திய நிலையிலேயே வண்டி ஓடும். சற்றுத் தூரம் ஓட்டியபின் நான்கு சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுசென்று, தொடாமல் வெப்பத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் தனியாகச் சுட்டால் காரணம் அங்கே இருக்கிறது. வீல் அலைன்மென்டையும், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணத்தையும், சரிபார்க்கச் சொல்லுங்கள். சஸ்பென்ஷன் இணைப்புகளில் உள்ள பழைய ரப்பர் புஷ்கள் தளர்ந்திருந்தால் சக்கரங்கள் நேராக உருளாமல் இழுபட்டுச் செல்லும். புதிய டயர்களும் விரைவில் பாழாகும்.

காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போது, ஓட்டுநர் கதவுத் தூணிலோ பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ உள்ள அட்டவணைப்படி வையுங்கள். டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அழுத்தம்; அது உங்கள் காருக்கான அளவு அன்று. நான்கு டயர்களிலும் ஒரு பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) குறைவது சுமார் 0.2 விழுக்காடு எரிபொருளைக் கூட்டும். ஆறு பிஎஸ்ஐ குறைந்திருந்தால் ஒரு விழுக்காட்டுக்கு மேல் வீணாகும். சிறிய எண்தான், ஆனால் இந்தப் பட்டியலிலேயே செலவில்லாமல் திரும்பக் கிடைப்பது இது ஒன்றே.

கேள்வி: என் பழைய காரில் 225/55 ஆர்16 டயர்கள் உள்ளன. தோற்றத்துக்காக 18 அங்குல ரிம்மும் 245/40 ஆர்18 டயரும் போட நினைக்கிறேன். மைலேஜ் பாதிக்கப்படுமா?

பதில்: பாதிக்கப்படும். இந்த அளவுகளில் முதல் எண் மி.மீ.யில் டயரின் அகலம், அடுத்தது அந்த அகலத்தில் பக்கச்சுவர் உயரத்தின் விழுக்காடு, கடைசி எண் அங்குலத்தில் ரிம்மின் விட்டம். முதல் டயரின் விட்டம் சுமார் 654 மி.மீ., இரண்டாவதன் விட்டம் சுமார் 653 மி.மீ.; ஆகவே வேகமானி தவறாகக் காட்டாது. ஆனால் ரிம்மும் டயரும் சேர்ந்து பெரும்பாலும் கனமாகும், அகலமான டயர் காற்றில் கூடுதல் தடையை ஏற்படுத்தும்; நின்று நின்று செல்லும் நகர ஓட்டத்தில் அந்த எடையை ஒவ்வொரு முறையும் சுழற்றித் தொடங்க வேண்டும். பக்கச்சுவரின் உயரம் 124 மி.மீ.யிலிருந்து 98 மி.மீ.யாகக் குறைவதால், சொகுசுக் காரை வாங்கியதற்குக் காரணமான மென்மையே முதலில் போய்விடும்; பள்ளத்தில் இறங்கினால் ரிம் வளையும் வாய்ப்பும் கூடும்.

பலரும் கவனிக்காத ஒன்று சுமைக் குறியீடு. உங்கள் பழைய அளவில் வழக்கமாக இருக்கும் 95 என்ற குறியீடு ஒரு டயர் 690 கிலோ தாங்கும் என்பதைக் காட்டுகிறது. புதிய அளவில் சாதாரண வகைக்கு 93, அதாவது 650 கிலோ மட்டுமே. கூடுதல் சுமைக்கென்று வலுப்படுத்திய வகைக்கு 97, அதாவது 730 கிலோ. மாற்றியே தீருவீர்கள் என்றால் இந்த இரண்டாம் வகையைக் கேட்டு வாங்குங்கள். என் யோசனை, 16 அங்குலத்தையே வைத்துக்கொண்டு நல்ல தரமான டயருக்குச் செலவிடுவதுதான்.

கேள்வி: கார் அதிகம் ஓடுவதில்லை. டயர்கள் பத்து ஆண்டு ஆனவை, ஆனால் பள்ளம் ஆழமாகவே இருக்கிறது. தொடர்ந்து ஓட்டலாமா?

பதில்: வேண்டாம். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2316 என்றிருந்தால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். ரப்பர் ஓடாமல் நின்றாலும் ஆக்சிஜனாலும் வெப்பத்தாலும் இறுகுகிறது. ஈரப் பிடிமானம் குறைகிறது, உள் அடுக்குகளின் பிணைப்பும் வலுவிழக்கிறது. கார் நிறுவனங்கள் பலவும் ஆறு ஆண்டுகளில் மாற்றச் சொல்கின்றன. டயர் நிறுவனங்கள் பத்தை இறுதி வரம்பாக வைக்கின்றன. மாற்றும்போது டிக்கியில் உள்ள ஸ்பேர் டயரின் எண்ணையும் பார்த்துவிடுங்கள். பழைய கார்களில் அது பெரும்பாலும் மற்ற நான்கையும்விட மூத்ததாக இருக்கும்.