கட்டியைச் சுற்றியுள்ள செல்களில் மரபணுக் கோளாறு இல்லை என்கிறார்களே, பிறகு ஏன் அவை புற்றுக்குத் துணை போகின்றன?

பினாங்கில் ஒரு லேப்பில் செல் வளர்க்கிற வேலை எனக்கு. நானும் இதே கேள்வியோடு கொஞ்ச நாள் அலைந்திருக்கிறேன்.

கட்டிக்குள் இருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட், அதாவது நார் நெய்கிற செல், பெரும்பாலும் மரபணுப் பழுது இல்லாததுதான். ஆனால் அதைத் தனியே பிரித்து, புற்றுசெல் ஒன்றுகூட இல்லாத தட்டில் விட்டாலும் பழைய புத்தி போகாது, கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கும். உசுப்பிவிட ஆள் இல்லை, டிஎன்ஏவின் எழுத்தும் மாறவில்லை, அப்படியென்றால் அந்த ஞாபகம் எங்கே இருக்கிறது? டிஎன்ஏ மேல் ஒட்டியிருக்கும் மெத்தில் என்ற சின்ன வேதிக் குறிகளிலும், அது சுற்றிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் குறிகளிலும். எந்த ஜீன் பேசலாம், எது வாயை மூட வேண்டும் என்பது அங்கேதான் பதிவாகிறது. செல் இரண்டாகும்போது மெத்தில் குறியும் சேர்த்தே படியெடுக்கப்படும்.

எங்கள் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவிய காலத்திலிருந்தே வெற்றிலை பாக்கு போட்டவர். கடைசிக் காலத்தில் வாய் இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்காது, தோசையைப் பிய்த்துப் பிய்த்துத்தான் உள்ளே தள்ளுவார், சம்பல் பட்டால் எரிச்சல். பாக்கிலுள்ள அரெகோலின் என்ற வேதிப்பொருள் கன்னத்தின் உட்புற நார்ச்செல்களைத் தூண்ட, பாக்கிலுள்ள செம்பு அந்த நாரைப் பிணைத்து இறுக்க உதவ, பாக்கை விட்ட பிறகும் இறுக்கம் விடவில்லை. எல்லாருக்கும் இது புற்றாகாது, ஆனால் சிலருக்கு ஆகும். அங்கே சுற்றியுள்ள திசு என்ற மண் முதலில் கெட்டு, புற்று என்ற விதை அப்புறம் முளைக்கிறது. பாக்கு மட்டுமே, புகையிலை சேராமலே, புற்று உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்டது. இந்த ஊர் பெயருக்கே மலாயில் பாக்கு என்றுதான் அர்த்தம், என்ன செய்ய.

நோய் எதிர்ப்பு டி செல்களின் கதையும் இதுதான். கட்டிக்குள் நாள்பட்டுச் சண்டை போட்டுச் சோர்ந்த டி செல்லில் அந்தச் சோர்வும் குறியாகப் பதிந்துவிடுகிறது. 2018 நோபல் வாங்கிக்கொடுத்த, டி செல்லைக் கட்டிப்போடும் தடையை நீக்கும் மருந்துகள் அதைத் தட்டி எழுப்பினாலும் குறிகள் பெரும்பாலும் அழியாததால், கொஞ்ச நாளில் மறுபடி படுத்துவிடுகிறது. போதாததற்கு, டி செல்லை வரவழைக்கும் சி‌எக்ஸ்சி‌எல்9, சி‌எக்ஸ்சி‌எல்10 ஜீன்களைப் புற்றுசெல்லே இதே மாதிரிக் குறிகளை ஒட்டிப் பூட்டிவிடுவதைச் சினைப்பைப் புற்றில் பார்த்திருக்கிறார்கள்.

குறிதானே, அழித்தால் போச்சு என்று தோன்றும். மெத்தில் குறியை அழிக்கும் அசாசிட்டிடின், எலும்பு மஜ்ஜை நோய்க்கு அமெரிக்காவில் 2004லேயே அனுமதி பெற்றது. ஆனால் கெட்டியான கட்டிகளில் அது தனியாகப் பெரிதாக எடுபடவில்லை. அந்த மருந்துக்கு எது நார்ச்செல், எது டி செல், எது புற்று என்ற பாகுபாடு தெரியாது, போகிற இடமெல்லாம் அழித்துக்கொண்டே போகும்.