பாறு கழுகுக்கு என்ன விலை?

அன்புள்ள ஐயா,

பாறு கழுகுகள் (பிணந்தின்னிக் கழுகுகள்) பற்றிய உங்கள் கட்டுரையை வங்கியில் என்னோடு வேலை பார்க்கும் நண்பரிடம் காட்டினேன். "இதைக் காப்பாத்தினா நாட்டுக்கு எவ்வளவு லாபம்? கணக்கு காட்டு" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஓர் உயிருக்கு விலை போடலாமா?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

கோபம் எதற்கு? நண்பர் கேட்ட கணக்கைப் போட்டே விட்டார்கள்.

1990களில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து மலிவானது. மாட்டுக்கு வலி, வீக்கம் என்றால் அந்த ஊசிதான். ஊசி போட்ட ஓரிரு நாளில் மாடு செத்து, அதைப் பாறு தின்றால் சிறுநீரகம் போய்விடும். இறந்த பறவையை அறுத்தால் ஈரல்மேல் யூரிக் அமிலம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளையாகப் படிந்திருக்கும். ஒரே மாட்டைக் கூட்டமாகத் தின்கிற பறவை என்பதால் சாவும் கூட்டமாகவே வந்தது. இந்தியாவில் வெண்முதுகுப் பாறு என்ற இனம் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்தது.

ஏயால் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரு பொருளியலாளர்கள், பாறுகள் முன்பு நிறைய வாழ்ந்த மாவட்டங்களை மற்ற மாவட்டங்களோடு ஒப்பிட்டு, ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். செத்த மாட்டைத் தின்னப் பாறு இல்லாததால் வந்தவை: அழுகும் சடலம், கெட்ட தண்ணீர், பெருகிய தெருநாய், வெறிநாய்க்கடி. 2000 முதல் 2005 வரை ஏறத்தாழ 5 லட்சம் பேர் கூடுதலாக இறந்தார்கள், ஆண்டுக்கு நஷ்டம் சுமார் 6,900 கோடி டாலர் என்பது அவர்கள் மதிப்பீடு. நண்பருக்கு இது போதும்.

எனக்குப் போதாது. அந்தத் தொகை இறந்த மனிதர்களுக்குப் போட்ட மதிப்பு. பாறுக்கு அதில் உள்ளது துப்புரவு வேலைக்கான கூலிதான். நாளைக்கே ஊருக்கு ஊர் சடலம் எரிக்கும் ஆலை வந்தால் கூலி இறங்கிவிடும். அப்போது பாறு வேண்டாமா? வரையாடு எந்த ஊர்க் குப்பையையும் அள்ளுவதில்லை. அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

அதனால் ஒரு மருந்தைத் தடை செய்யச் சொல்லி அரசிடம் வாதாட இந்தக் கணக்கை நான் தாராளமாகப் பயன்படுத்துவேன். ஓர் இனம் இருக்கலாமா கூடாதா என்ற கேள்விக்கு இதை எடுக்க மாட்டேன்.

அப்புறம், செலவு என்று நண்பர் பயப்பட இதில் பெரிதாக ஒன்றுமில்லை. மாட்டுக்கு டைக்ளோஃபெனாக் போட 2006இல் தடை வந்தது. அதற்குப் பிறகும் மனிதர்களுக்கான அதே மருந்தின் பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015இல் அந்தக் குப்பியின் அளவை 3 மில்லியாகக் குறைத்தார்கள். 2023இல் பாறுகளைக் கொல்லும் வேறு இரு வலி மருந்துகள், கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும், மாட்டுக்குப் போடத் தடையாயின. பாறுகளைக் கொல்லாத மெலாக்சிகாம் என்ற வலி மருந்து கடையில் கிடைக்கிறது. உங்கள் பக்கத்தில் மாடு வைத்திருப்பவர்கள் இருந்தால், டாக்டரிடம் அதைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.