சிறிய ஊரில் போலீசும் பொதுமக்களும் சேர்ந்து குற்றங்களைத் தடுக்க முடியுமா?

கேள்வி கேட்டவர், தம் ஊரில் சில மாதங்களாகப் பூட்டிய வீடுகளில் திருட்டு நடக்கிறது, காவல் நிலையத்தில் ஆள் பற்றாக்குறை, இளைஞர்கள் குழு அமைத்து இரவு ரோந்து, கேமரா என்று இறங்கினால் பலன் இருக்குமா என்று கேட்டிருக்கிறார். பணிக்காலத்தின் பெரும்பகுதியைச் சிறிய ஊர்க் காவல் நிலையங்களில் கழித்து ஓய்வு பெற்றவன் நான். தாராளமாக இறங்குங்கள். ஆனால் ரோந்தையும் கேமராவையும் சற்றுத் தள்ளி வையுங்கள். கடைசியாகத் திருட்டுப் போன வீட்டுக்கு முதலில் போங்கள்.

திருட்டுப் போன வீட்டில் இனி என்ன மிச்சமிருக்கிறது, அடுத்த முறை வேறு வீட்டைத்தான் பார்ப்பான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அனுபவம் வேறு மாதிரி இருக்கிறது. ஒருமுறை உள்ளே போனவனுக்குப் பின்கதவின் தாழ்ப்பாள் எப்படிப்பட்டது, நாய் உண்டா, பக்கத்து வீட்டுக்காரர் எப்போது விளக்கை அணைப்பார் என்பதெல்லாம் தெரிந்துவிட்டது. தூக்க முடியாமல் விட்டுவந்த பொருள் எது என்பதும் நினைவில் இருக்கிறது. போன பொருளுக்குப் பதிலாகப் புதிது வாங்குவார்கள் என்பதும் அவனுக்குத் தெரியும். அதனால் அடுத்த சில வாரங்களில் அதே வீட்டுக்கோ, அதே அமைப்புள்ள பக்கத்து வீட்டுக்கோ மற்ற வீடுகளைவிட ஆபத்து அதிகம்.

இதையே அடிப்படையாக வைத்து, இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகிலுள்ள ராச்டேல் நகரத்தின் கிர்க்ஹோல்ட் குடியிருப்பில் 1980களின் பிற்பகுதியில் ஒரு திட்டம் நடந்தது. பறிகொடுத்தவர்களை விசாரித்தார்கள், அண்டை வீட்டாரை விசாரித்தார்கள், பிடிபட்ட திருடர்களிடமே உட்கார்ந்து, எந்த வீட்டை ஏன் தேர்ந்தெடுத்தாய் என்றும் கேட்டார்கள். அந்தக் குடியிருப்பில் பல வீடுகளில் எரிவாயுவுக்கும் மின்சாரத்துக்கும் காசு போடும் மீட்டர் பெட்டிகள் இருந்தன. பெட்டி நிறைய ரொக்கம், உள்ளே ஆளில்லாத வீடு. திருடனுக்கு வேறென்ன வேண்டும்? அந்த மீட்டர்களை அகற்றினார்கள். திருட்டுப் போன வீட்டின் பூட்டுகளை உடனே பலப்படுத்தினார்கள். அதைச் சுற்றியிருந்த அரை டஜன் வீட்டாரை மட்டும் சேர்த்து ஒரு சிறிய கண்காணிப்பு வட்டம் அமைத்தார்கள். மூன்று ஆண்டுகளில் வீட்டுத் திருட்டு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது.

இதில் எனக்குப் பிடித்தது வட்டத்தின் அளவு. ஊர் முழுவதற்கும் குழு என்று பெயர்ப்பலகை வைத்தால் முதல் கூட்டத்துக்கு எல்லோரும் வருவார்கள், மூன்றாவது கூட்டத்துக்குத் தலைவரும் பொருளாளரும் மட்டும் வருவார்கள். ஆறு வீடு என்றால் கூட்டமே தேவையில்லை. நேற்று பக்கத்து வீட்டில் திருட்டு நடந்திருக்கும்போது கவனமாக இருக்கச் சொல்லி யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியதும் இல்லை.

திரும்பத் திரும்ப நடக்கும் என்ற இந்தக் கணக்கு திருட்டோடு நிற்பதில்லை. வீட்டுக்குள் நடக்கும் அடிதடியில் இது இன்னும் கொடுமையாகப் பொருந்தும். 'குடும்பச் சண்டை சார், நாங்களே பேசிக்கொள்கிறோம்' என்று அனுப்பிவைக்கப்படும் வீட்டிலிருந்துதான் அடுத்த மாதமும் அழைப்பு வரும். சிறிய ஊரில் அந்தப் பெண் காவல் நிலையப் படியேறுவதை நாலு பேர் பார்த்துவிடுவார்கள் என்பதே அவர் வாயை அடைத்துவிடுகிறது. மறுநாள் காலையில் ஒரு பெண் காவலர் சாதாரண உடையில் போய்ப் பத்து நிமிடம் தனியாகப் பேசிவிட்டு வந்தால், அந்த வீட்டுக்காரனுக்கும் ஒரு செய்தி போய்ச் சேரும். இதற்குப் பணம் செலவில்லை. ஆனாலும் அரிதாகவே நடக்கிறது.

இனி ரோந்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் கான்சாஸ் நகரத்தில் 1972-73இல் ஒரு சோதனை செய்தார்கள். 15 ரோந்துப் பகுதிகளை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவில் வழக்கமான வண்டி ரோந்தை நிறுத்திவிட்டு அழைப்பு வந்தால் மட்டும் போனார்கள். இன்னொன்றில் எப்போதும்போல நடத்தினார்கள். மூன்றாவதில் இரண்டு மூன்று மடங்கு கூட்டினார்கள். குற்றத்திலும் சரி, மக்களின் பயத்திலும் சரி, சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. ரோந்து கூடியதையும் குறைந்ததையும் மக்கள் கவனிக்கவே இல்லை என்பதுதான் கூத்து. ஊர் முழுக்க வண்டியை ஓட்டி ரோந்துக் கையெழுத்து நோட்டை நிரப்பிய எந்தக் காவலருக்கும் இது வியப்பளிக்காது.

ஆனால் இடம் பார்த்து நின்றால் கதை மாறுகிறது. அதே அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் காவல் துறைக்கு வந்த அழைப்புகளை ஆராய்ந்தபோது, சுமார் 3 சதவீத முகவரிகளிலிருந்தே பாதி அழைப்புகள் வந்திருந்தன. அந்த இடங்களில் வெறுமனே வண்டியில் கடந்து போவதைவிட, இறங்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் நின்றுவிட்டுப் போனால், போன பிறகும் சிறிது நேரம் அமைதி நீடிக்கிறது. அதற்கு மேல் நின்றுகொண்டே இருப்பதில் கூடுதல் பலன் இல்லை என்பதும் பின்னர் தெரிந்தது. சிறிய ஊருக்கு இது வரப்பிரசாதம். உங்கள் ஊரில் அப்படி நாலைந்து இடங்களுக்கு மேல் இருக்காது. மதுக்கடை வாசல், பேருந்து நிலையத்தின் பின்பக்கம், விளக்கு எரியாத ஒரு குறுக்குச் சந்து, பைக் நிறுத்துமிடம் என்று காவலர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். கேட்டால் பள்ளிக் குழந்தைகளும் சொல்வார்கள்.

நடந்து போகும் ரோந்தைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவின் நியூவார்க் நகரில் 1970களின் இறுதியில் நடந்த ஆய்வில், நடை ரோந்தால் குற்ற எண்ணிக்கை குறையவில்லை. மக்களின் பயம் குறைந்தது. வெறும் மன ஆறுதல்தானே என்று சிலர் இதைத் தள்ளிவிடுவார்கள். நான் தள்ள மாட்டேன். வண்டிக்குள் இருப்பவரைக் கைகாட்டி நிறுத்தி, 'அந்த வீட்டில் புதிதாகக் குடிவந்தவர்களிடம் ஏதோ சரியில்லை சார்' என்று யாரும் சொல்வதில்லை. நடந்து வருபவரிடம் சொல்வார்கள். ஜப்பானின் கிராமப்புறங்களில் சூசாய்ஷோ என்று ஓர் ஏற்பாடு உண்டு: காவல் நிலையமும் காவலரின் வீடும் ஒரே கட்டடம், குடும்பத்தோடு அங்கேயே குடியிருப்பார். வீடு வீடாகப் போய் யார் இருக்கிறார்கள், அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று கேட்டுக் குறித்துக்கொள்வதும் அவர் வேலையில் அடக்கம். எல்லா ஊருக்கும் ஒத்துவராதுதான். ஆனாலும் குற்றம் நடந்த பிறகு மட்டும் ஊருக்குள் வரும் காவலருக்கும் அவருக்கும் எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஊரை நன்றாகத் தெரிந்திருப்பதில் ஒரு கெடுதலும் உண்டு. எந்தத் திருட்டு நடந்தாலும் 'பழைய ஆள்' ஒருவனைத் தூக்கிவந்து உட்காரவைக்கும் பழக்கம். ஊராருக்கும் அதில் திருப்தி. போலீஸ் ஏதோ செய்கிறதே என்று. நாலு முறை இப்படி அழைத்து வரப்பட்டவனுக்கு ஊரில் யாரும் வேலை தர மாட்டார்கள். வேலை இல்லாதவன் மறுபடியும் பழைய தொழிலுக்குத்தான் போவான். உண்மையாகத் திருடியவன் இந்நேரம் அடுத்த ஊரில் நிம்மதியாக இருப்பான். உங்கள் குழுவும் இந்தப் பள்ளத்தில் விழும் என்பதால்தான் சொல்கிறேன். குழு ஆரம்பித்த முதல் வாரத்திலேயே யாராவது சந்தேகப்பட்டியல் ஒன்றை எடுத்து நீட்டுவார். அந்தப் பட்டியலில் உள்ளவர்கள் பெரும்பாலும் ஏழைகளாகவும் வெளியூர்க்காரர்களாகவும் இருப்பார்கள். வாங்காதீர்கள்.

இதே வகையில் இன்னொன்று: 'பையன் கெட்டுப்போகிறான், ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்து நாலு மிரட்டு மிரட்டி அனுப்புங்கள் சார்' என்று பெற்றோரே வந்து கேட்பார்கள். அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தின் ராவே சிறையில் 1970களில் இதை ஒரு திட்டமாகவே நடத்தினார்கள். சிறுவர்களைச் சிறைக்குள் அழைத்துப்போய் ஆயுள் கைதிகளை விட்டு மிரட்ட வைத்தார்கள். பார்க்க அற்புதமாக இருந்தது, பல ஊர்களில் பின்பற்றினார்கள். பிறகு முறையாக ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, அப்படி மிரட்டப்பட்ட சிறுவர்கள், எதுவுமே செய்யாமல் விடப்பட்ட சிறுவர்களைவிட அதிகமாகக் குற்றத்தில் இறங்கியிருந்தார்கள். மிரட்டுவதற்குப் பதிலாக மாலை நேரத்தில் அவனுக்கு ஒரு மைதானமும் கூப்பிட்டு விளையாடவைக்கும் ஒரு பெரியவரும் கிடைத்தால் போதும் என்பது என் கருத்து.

கேமரா பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாகன நிறுத்துமிடங்களில் நன்றாகப் பயன்படுகிறது. குடிபோதைச் சண்டையைக் கேமரா தடுப்பதில்லை. நன்கொடை திரட்டி மாட்டுவது எளிது. துடைப்பது யார், பதிவு எத்தனை நாள் இருக்கும், மின்சாரக் கட்டணம் யார் கட்டுவது, யார் யாரெல்லாம் பார்க்கலாம் என்பதை எழுதிவைக்காமல் வாங்காதீர்கள். சம்பவம் நடந்த அன்று சிலந்திவலையை மட்டும் படம் பிடித்திருந்த கேமராக்களைப் பார்த்திருக்கிறேன்.

'இங்கே தடுத்தால் அடுத்த தெருவுக்குப் போவான், அவ்வளவுதானே' என்று ஒருவர் பின்னூட்டத்தில் கேட்பார், எனவே இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். மேற்கு ஜெர்மனியில் 1980இல் ஹெல்மெட் அணியாத பைக் ஓட்டிகளுக்கு அபராதம் விதிக்கத் தொடங்கினார்கள். நோக்கம் உயிர்ப் பாதுகாப்பு மட்டுமே. ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் பைக் திருட்டு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துபோனது. வழியில் கண்ட பைக்கை எடுத்துக்கொண்டு ஓடுபவன் கையோடு ஹெல்மெட் கொண்டுவருவதில்லை. இல்லாமல் ஓட்டினால் முதல் சந்திப்பிலேயே மாட்டிக்கொள்வான். அந்தத் திருடர்களெல்லாம் காருக்கும் சைக்கிளுக்கும் மாறினார்களா என்றால், அந்த அளவுக்கு அவை கூடவில்லை. குற்றங்களில் பெரும்பகுதி வாய்ப்பைப் பார்த்து அந்தக் கணத்தில் செய்யப்படுபவை. வாய்ப்பு போனால் அந்தக் குற்றமே போய்விடுகிறது. திட்டமிட்டு வருபவன் வேறு ரகம். அவனைப் பிடிப்பது எங்கள் வேலை, உங்களுடையது அன்று.

இளைஞர்கள் இரவில் சுற்றித்தான் ஆவோம் என்றால், 2018இல் இந்தியாவில் நடந்ததை அவர்களுக்கு நினைவூட்டுங்கள். குழந்தை கடத்தும் கும்பல் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியை நம்பி, தமிழகம் உட்படப் பல மாநிலங்களில் அப்பாவிகளை அடித்தே கொன்றார்கள். கொன்றவர்கள் யாரும் தொழில்முறைக் குற்றவாளிகள் அல்லர். தங்கள் ஊரைக் காப்பாற்றுவதாக நம்பிய சாதாரண மனிதர்கள். அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் வந்த ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்துக்கு மேற்பட்ட ஆட்களுக்கோ குழுக்களுக்கோ ஃபார்வர்டு செய்ய முடியாதபடி கட்டுப்படுத்தியது. ஆகவே கையில் கம்பு கூடாது. யாரையும் நிறுத்தி விசாரிக்கக் கூடாது, பையைத் திறக்கச் சொல்லக் கூடாது. பார்ப்பது, குறிப்பது, தொலைபேசியில் சொல்வது இவ்வளவே. குடித்துவிட்டு வருபவரை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். குழுவின் வாட்ஸ்அப்பில் யாருடைய புகைப்படத்தையும் 'சந்தேக நபர்' என்று போடுவதில்லை என்பதை முதல் விதியாக வையுங்கள்.

கடைசியாக ஒரு நடைமுறைச் சிக்கல். குழு ஒழுங்காக வேலை செய்தால் முதல் சில மாதங்களில் பதிவாகும் புகார்கள் கூடும், ஏனென்றால் இதுவரை வெளியே சொல்லாதவர்கள் சொல்லத் தொடங்குவார்கள். சைக்கிள் காணாமல் போனது, பின்வாசல் தாழ்ப்பாளை யாரோ நெம்பிப் பார்த்தது, தொலைபேசியில் பேசி ஓ.டி.பி. வாங்கிப் பணத்தைச் சுருட்டியது எல்லாம் வரும். கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் காத்திருக்கக் கூடாது; வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் தள்ளிப்போடாமல் அந்த நிமிடமே வங்கிக்குச் சொன்னால்தான் பணத்தை நிறுத்திவைக்க ஏதாவது வழியிருக்கும். எண்ணிக்கை கூடுவதை மேலதிகாரிகள் விரும்ப மாட்டார்கள். உங்கள் நிலைய ஆய்வாளரிடம் விளக்கம் கேட்பார்கள், அவரும் புகார்களை வாய்மொழியாகவே முடித்து அனுப்பிவிடலாம் என்று நினைக்கத் தொடங்குவார். அந்தச் சமயத்தில் உங்கள் குழுவிலிருந்து இரண்டு மூன்று பேர் மேலதிகாரியை நேரில் பார்த்து, புகார் ஏன் கூடியிருக்கிறது என்பதை விளக்குங்கள். கையோடு ஒரு மனுவாகவும் எழுதிக் கொடுத்து, அதன் நகலை நிலையத்திலும் கொடுத்துவிடுங்கள்.