போர்மட் அடித்ததும் வேர்ட் மெக்ரோக்கள் எங்கே போகின்றன?

கேள்வி: களுவாஞ்சிகுடியில் தட்டச்சுக் கடை நடத்துகிறேன். பாமினி பொண்ட்டில் அடித்ததை யுனிகோடுக்கு மாற்ற ஒரு மெக்ரோ, கடிதத் தலைப்பும் சத்தியக்கடதாசி வரிகளும் போட வேறு சில மெக்ரோக்கள் என்று ஒருவர் செய்து தந்தார். கொம்பியூட்டரைப் போர்மட் அடித்தால் எல்லாம் போய்விடுகிறது. திரும்பப் போட்டுத்தர ஒவ்வொரு தடவையும் காசு கேட்கிறார். கடையில் மூன்று மெஷின் இருக்கிறது. மூன்றிலும் நிலையாக வைக்க என்ன வழி?

பதில்: சகோதரி, உங்கள் மெக்ரோக்கள், அதாவது வேர்ட்டில் ஒரு வேலையைத் தானாகச் செய்யும் கட்டளைத் தொகுப்புகள், நோர்மல்.டொட்எம் என்ற பைலுக்குள் இருக்கின்றன. வேர்ட் தனக்கென்று வைத்திருக்கும் டெம்ப்ளேட், அதாவது மாதிரிப் பைல், அது. அது இருக்கும் ஆப்டேட்டா என்ற போல்டரை விண்டோஸ் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருக்கிறது. போர்மட் அடிக்கிறவர் டெஸ்க்டொப்பையும் டொகியூமென்ட்ஸையும் கொப்பி எடுத்துவிட்டு சீ டிரைவைத் துடைத்துவிடுவார். மறைந்து கிடக்கும் போல்டரை யாரும் தேடுவதில்லை. போர்மட் அடிக்காமலே போவதும் உண்டு. வேர்ட் மக்கர் பண்ணினால் பலர் முதலில் செய்வது நோர்மல்.டொட்எம்மை அழிப்பதுதான். வேர்ட் உடனே வெறுமையான புதியதொன்றை உருவாக்கிக்கொள்ளும். வேர்ட் திருந்திவிடும், உங்கள் மெக்ரோ போய்விடும்.

நோர்மலையே கொப்பி எடுத்து மற்ற மெஷின்களில் போடச் சொல்வார்கள். செய்யாதீர்கள். அந்த மெஷினின் பொண்ட், மார்ஜின், குறுக்குவிசை எல்லாவற்றையும் அது விழுங்கிவிடும்.

மெக்ரோக்களைத் தனியான டெம்ப்ளேட் பைல் ஒன்றில் போட்டு, அதை வேர்ட்டின் ஸ்டார்ட்அப் போல்டரில் வையுங்கள். அங்கே இருக்கும் டெம்ப்ளேட்டை வேர்ட் திறக்கும்போதெல்லாம் தானாக ஏற்றிக்கொள்ளும். அட்-இன் என்று சொல்வது இதைத்தான்.

வெற்று டொகியூமென்ட் ஒன்றைத் திறந்து சேவ் அஸ் கொடுத்து, வகையில் 'வேர்ட் மெக்ரோ எனேபிள்ட் டெம்ப்ளேட்' என்பதைத் தெரிவுசெய்யுங்கள். வெறும் 'வேர்ட் டெம்ப்ளேட்' மெக்ரோவை வைத்திருக்காது. வகையை மாற்றியதும் வேர்ட் தன்பாட்டில் வேறொரு போல்டருக்குத் தாவிவிடும். அதனால் வகையை முதலில் மாற்றி, அதன் பிறகு டி டிரைவில் உங்கள் போல்டரைக் காட்டிச் சேமியுங்கள். இதுதான் மூலப்பிரதி. சீ டிரைவைப் போர்மட் அடித்தபிறகு இதிலிருந்தே நீங்களே திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

இனி ஆல்ட், எஃப்11 இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள், மெக்ரோ எடிட்டர் திறக்கும். இடப்பக்கம் நோர்மலுக்குக் கீழே மொடியூல்ஸ், அதற்குள் நியூமெக்ரோஸ் இருக்கும். அதைப் பிடித்து இழுத்து உங்கள் டெம்ப்ளேட்டின் பெயர்மேல் விடுங்கள். இழுத்தால் நகராது, பிரதிதான் போகும். பழையது நோர்மலில் அப்படியே இருக்கும். ஒரே பெயரில் இரண்டு மெக்ரோ இருந்தால் வேர்ட் நோர்மலில் உள்ளதைத்தான் முதலில் எடுக்கும். நீங்கள் அட்-இன்னில் எவ்வளவு திருத்தினாலும் பழையதே ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே நோர்மலில் உள்ளதை வலது கிளிக் செய்து எக்ஸ்போர்ட் பண்ணி ஒரு பிரதி எடுத்துவிட்டு அழித்துவிடுங்கள்.

குறுக்குவிசை போடும்போது 'சேவ் சேஞ்சஸ் இன்' என்ற இடத்தில் நோர்மல் என்றே இருக்கும். உங்கள் டெம்ப்ளேட்டுக்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டால் மெக்ரோ மூன்று மெஷினுக்கும் போகும், குறுக்குவிசை போகாது.

ஸ்டார்ட்அப் போல்டரைக் கண்டுபிடிக்க: பைல், ஒப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட், அடிமட்டத்தில் பைல் லொகேஷன்ஸ், அதில் ஸ்டார்ட்அப். விண்டோஸுக்கும் ஸ்டார்ட்அப் என்றே ஒரு போல்டர் உண்டு. அதில் போட்டால் கொம்பியூட்டர் ஓன் ஆகும்போது வேர்ட் சும்மா திறக்கும், வேறொன்றும் நடக்காது. வேர்ட்டை மூடிவிட்டு, மூலப்பிரதியிலிருந்து ஒரு கொப்பியை வேர்ட்டின் ஸ்டார்ட்அப்புக்குள் போட்டுத் திறந்து, ஆல்ட், எஃப்8 அழுத்துங்கள். பட்டியலில் மெக்ரோ இருந்தால் சரி. மற்ற இரண்டு மெஷினிலும் இதேதான். பைலை பென் டிரைவில் கொண்டுபோங்கள். வட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ வந்ததென்றால் வலது கிளிக், புரொப்பர்டீஸ், அன்புளொக் என்பதில் சரி போட்டபிறகு வையுங்கள். இணையத்திலிருந்து வரும் மெக்ரோவை மைக்ரோசொப்ட் 2022 முதல் தடுத்து வைக்கிறது.

ஒன்று மட்டும் அட்-இன்னிலிருந்து வராது: ஸ்டைல், அதாவது பெயரிட்டு வைத்த எழுத்து வடிவமைப்பு. மெக்ரோ வரும், குறுக்குவிசை வரும், ஓட்டோடெக்ஸ்ட் என்ற சேமித்து வைத்த வாசகமும் வரும். டெம்ப்ளேட்டில் நீங்கள் உருவாக்கிய ஸ்டைல், திறந்திருக்கும் டொகியூமென்ட்டுக்குத் தெரியாது. மெக்ரோ அந்த ஸ்டைலைப் போடப் போனால் 5834 என்ற பிழை காட்டி நின்றுவிடும். தலைப்பு மெக்ரோ புது மெஷினில் நின்றால் முதலில் இதைப் பாருங்கள், மெக்ரோ கெட்டுவிட்டது என்று சொல்லி யாரும் காசு வாங்க விடாதீர்கள். தலைப்பை டெம்ப்ளேட்டுக்குள் ஒருமுறை அழகாக அமைத்து, தெரிவுசெய்து, ஆல்ட், எஃப்3 அழுத்தி, 'சேவ் இன்' இடத்தில் உங்கள் டெம்ப்ளேட்டையே காட்டிச் சேமித்தால், அதை எந்த டொகியூமென்ட்டில் போட்டாலும் அதன் ஸ்டைலும் கூடவே வரும். ஆனால் அதே பெயரில் அங்கே ஏற்கனவே ஒரு ஸ்டைல் இருந்தால் அங்குள்ளதே வெல்லும். ஹெடிங் 1, டைட்டில் போன்ற பொதுப் பெயர்கள் வேண்டாம். கடையின் பெயரைச் சேர்த்துத் தனிப்பெயர் வையுங்கள்.

பாமினி மெக்ரோவுக்கு வருகிறேன். பாமினி என்பது ஆங்கில எழுத்துக்குத் தமிழ் உருவம் போட்ட பொண்ட். யுனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி எண்கள் உண்டு. ஒரு கந்தோர் யுனிகோடு கேட்கிறது, அடுத்த கந்தோர் பாமினியில்தான் வேண்டும் என்கிறது. இத்தனை வருடத்தில் இதை ஒரே முறைக்குக் கொண்டுவர முடியாததன் செலவை உங்களைப் போன்ற தட்டச்சுக் கடைகள்தான் சுமக்கின்றன. இந்த மெக்ரோவின் குறிமுறையைத் திறந்து பாருங்கள். வேர்ட்டின் மெக்ரோ எடிட்டர் தமிழ் எழுத்தை ஏற்காது, தமிழில் ஒட்டினால் வெறும் கேள்விக்குறியாக மாறும். விண்டோஸ் மொழி அமைப்பை மாற்றினாலும் பயனில்லை, தமிழுக்குப் பழைய வகைக் குறியீட்டுப் பக்கமே, அதாவது எழுத்து அட்டவணையே, விண்டோஸில் கிடையாது. அதனால் எழுத்துகளை எண்ணால் எழுதியிருக்க வேண்டும்: 'அ'வுக்கு 2949, 'க'வுக்கு 2965. எண்களுக்குப் பதிலாகக் கேள்விக்குறிகள் தெரிந்தால் அது உடைந்த மெக்ரோ, எங்கே வைத்தாலும் வேலை செய்யாது.

செய்து தருகிறவர்களிடம் இரண்டு விடயங்களில் கவனம். முதலாவது, மெக்ரோவுக்குக் கடவுச்சொல் போட்டுப் பூட்டித் தருவது. பூட்டினால் இழுத்துப் போடவும் முடியாது, எக்ஸ்போர்ட் பண்ணவும் முடியாது. காசு கொடுக்கும் முன் கடவுச்சொல்லையும் எக்ஸ்போர்ட் செய்த பைல்களையும் கேட்டு வாங்குங்கள். நீங்கள் காசு கொடுத்துச் செய்வித்த வேலை, உங்கள் கையில் இருக்க வேண்டும். இரண்டாவது இன்னும் மோசம்: மெக்ரோ ஓடவில்லை என்றால் வேர்ட்டின் பாதுகாப்பு அமைப்புகள் இருக்கும் டிரஸ்ட் சென்டரில் 'எனேபிள் ஓல் மெக்ரோஸ்' போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நாள் முழுக்க ஊராரின் பென் டிரைவ்கள் ஏறி இறங்கும் கடையில் இது ஆபத்து. யாரோ கொண்டுவரும் பைலில் உள்ள வைரஸ் மெக்ரோவும் கேட்காமலே ஓடும். வேர்ட்டின் ஸ்டார்ட்அப் போல்டர் இயல்பாகவே நம்பகமான இடமாகப் பதிவாகியிருக்கிறது. அங்கே வைத்த மெக்ரோவுக்கு அந்த அனுமதி தேவையே இல்லை. உங்கள் மூன்று மெஷினிலும் இன்றே போய்ப் பார்த்து, 'டிஸ்ஏபிள் வித் நோட்டிபிகேஷன்' என்பதற்கு மாற்றுங்கள்.

பின்னொரு நாள் திருத்த வேண்டி வந்தால் டி டிரைவில் உள்ள மூலப்பிரதியை வலது கிளிக் செய்து ஓப்பன் கொடுங்கள். டபிள் கிளிக் செய்தால் டெம்ப்ளேட் திறக்காது, அதைப் பார்த்து ஒரு புது டொகியூமென்ட் உருவாகும். திருத்திச் சேமித்து, வேர்ட்டை முழுவதும் மூடி, ஸ்டார்ட்அப்பில் உள்ளதன்மேல் போடுங்கள். வேர்ட் திறந்திருந்தால் பைல் பூட்டிக்கிடக்கும், மாற்ற விடாது. மூலப்பிரதியின் கொப்பி ஒன்று கடைக்கு வெளியே, வீட்டில் ஒரு பென் டிரைவிலும் இருக்கட்டும்.