கழுத்தில் கட்டி தட்டுப்படவில்லை என்றால் வாய்ப் புற்றுநோய் பரவவில்லை என்று நம்பலாமா?

முல்லைத்தீவிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். வெற்றிலை போடும் அப்பாவுக்கு நாக்கின் ஓரத்தில் புற்றுநோய், இன்னும் ஆரம்ப நிலை. கழுத்தில் எதுவும் தட்டுப்படவில்லை என்று சொல்லும் வைத்தியரே கழுத்து நெறிகளையும் (நிணநீர்க் கணுக்களையும்) சேர்த்து எடுக்க வேண்டும் என்கிறாராம். எதற்கு?

தங்கச்சி, தயங்காமல் சம்மதியுங்கள். வன்னியில் பல் வைத்தியராக இருப்பவன் நான். கழுத்தைத் தடவிப் பார்ப்பது என் அன்றாட வேலை. நோயாளியின் பின்னால் நின்று, தலையைச் சற்றுக் குனியவைத்து, தாடையெலும்பின் கீழ்விளிம்பு தொடங்கிக் காதடி வழியாகக் கழுத்து நெடுக விரல் நுனிகளை உருட்டிக்கொண்டு போவோம். சூத்தைப் பல்லுக்காகக் கட்டிய நெறி பெரும்பாலும் மெத்தென்றிருக்கும், தொட்டால் நோகும். புற்றுநோய் இறங்கிய நெறி இறுகிக் கெட்டியாக இருக்கும், முற்றினால் அசையாது. அநேகமாக அது நோவதில்லை. நோகாத கட்டிக்கு எங்கள் சனம் ஆஸ்பத்திரிக்கு வருவதுமில்லை. என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

ஆனால் நெறிக்குள் சில மில்லிமீற்றர் அளவில் புகுந்திருக்கும் நோய் எவருடைய விரலுக்கும் அகப்படாது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கூடுதலாகக் காட்டும். நல்ல நெறி அவரை விதைபோல நீண்டிருக்கும், சந்தேகமானது உருண்டு திரண்டிருக்கும்; ஸ்கேனில் பார்த்தபடியே ஊசியால் உறிஞ்சிச் சோதிக்கலாம். சி.ரி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன்களும் உண்டு. இத்தனையும் சுத்தம் என்று சொன்ன கழுத்துகளிலும், ஏறத்தாழ நான்கில் ஒன்றில் நோய் ஒளிந்திருக்கிறது. நாக்குப் புண் நான்கு மில்லிமீற்றருக்கு மேல் ஆழமாக இறங்கியிருந்தால் அந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கும். எடுத்த நெறிகளை வெட்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும்.

மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வொன்று 2015இல் வெளியானது. ஆரம்ப நிலையிலேயே நெறிகளையும் எடுத்தவர்களில் மூன்று ஆண்டுகளின் பின் உயிருடன் இருந்தோர் 80 வீதம். கட்டி வெளிப்படும்வரை காத்திருந்தவர்களில் 67.5 வீதம்.

அறுவைக்குப் பிறகு தோள்பட்டை சில காலம் இறுகலாம். சொல்லித்தரும் பயிற்சிகளை அப்பா விடக்கூடாது. வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் இன்றோடு நிற்க வேண்டும். நெறிகளின் பரிசோதனை அறிக்கை வந்ததும், எத்தனை நெறிகளில் நோய் இருந்தது, நெறியின் உறையைத் தாண்டி வெளியே வந்திருந்ததா என்று கேளுங்கள். கதிர்ச் சிகிச்சை தேவையா என்பதைப் பெரும்பாலும் அதை வைத்தே தீர்மானிப்பார்கள். தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கோ மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கோ அனுப்பினால் கையில் இருக்கும்படி ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.