பச்சைக் கட்டங்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதக் கட்டுரையில் 'தரவு பார்க்காமல் செலவு செய்யும் அரசு இருட்டில் கல்லெறிகிறது' என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் சிரிப்பு வந்தது. நான் ஓர் அரசுத் துறையின் திட்டப் பிரிவில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். எங்களுக்குத் தரவுப் பஞ்சமே கிடையாது. மாதம் தவறாமல் 42 கட்டங்கள் உள்ள படிவத்தை நிரப்புகிறோம். பயனாளிகள் எத்தனை பேர், முகாம்கள் எத்தனை, ஒதுக்கியதில் செலவானது எத்தனை சதவீதம், எல்லாம் அதில் இருக்கும். பட்ஜெட் போடும்போது யாரும் அதைத் திறப்பதில்லை. போன வருடத் தொகையின் மேல் கொஞ்சம் ஏற்றிப் போடுவோம், மேலிடத்தில் கொஞ்சம் வெட்டுவார்கள், முடிந்தது. ஒருமுறை வெளியாட்களை வைத்து முறையாக மதிப்பீடும் செய்தோம். அறிக்கை கைக்கு வருவதற்குள் இரண்டாம் கட்டத்துக்கு நிதி ஒப்புதலாகிவிட்டது. அறிக்கை இப்போது என் அலமாரியில் இருக்கிறது.

உண்மையிலேயே தரவைப் பார்த்துப் பணம் ஒதுக்கிய அரசு எங்காவது உண்டா? என்னைப் போல நடுமட்டத்தில் இருப்பவனால் ஆகக்கூடியது ஏதாவது உண்டா? (பெயர் வேண்டாம், வேலை வேண்டும்.)

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

அந்த வரியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஓசை நன்றாக இருந்ததால் எழுதிவிட்டேன். உங்கள் அலுவலகத்தில் இருட்டு இல்லை, விளக்குகள் நிறையவே எரிகின்றன. எல்லாம் உங்கள் மேசையையே பார்த்துக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான்.

அந்த 42 கட்டங்களை மறுபடி ஒருமுறை பாருங்கள். துறை என்ன செய்தது என்ற கணக்குதான் அத்தனையும். அதனால் யாருக்கு என்ன ஆனது என்று ஒரு கட்டமாவது கேட்கிறதா? சில வருடங்களுக்கு முன் ஒரு துறையின் ஆய்வுக் கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்து கவனிக்க எனக்கு இடம் கிடைத்தது. வேலைப் பயிற்சித் திட்டம். திரையில் பகுதிவாரியாகப் பட்டியல். இலக்கை எட்டியது பச்சை, நெருங்கியது மஞ்சள், பின்தங்கியது சிவப்பு. கிட்டத்தட்ட திரை முழுக்கப் பச்சை. புதிதாகப் பொறுப்பேற்றிருந்த அதிகாரி ஒருவர், "பயிற்சி முடித்தவர்களில் எத்தனை பேர் இன்றைக்கு வேலையில் இருக்கிறார்கள்?" என்று கேட்டார். "சார், அதற்குக் கட்டம் இல்லை" என்று பதில் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. அடுத்த ஸ்லைடுக்குப் போனார்கள்.

அந்தக் கட்டம் இருந்திருந்தாலும் பாதிக் கிணறுதான் தாண்டியிருப்பார்கள். பயிற்சி பெற்ற நூறு பேரில் அறுபது பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பயிற்சியே இல்லாவிட்டாலும் ஐம்பத்தைந்து பேருக்கு வேலை கிடைத்திருக்கும் என்றால், நூறு பேருக்கான பணத்தைக் கொடுத்து அரசு வாங்கியது ஐந்து வேலைகள். அந்த ஐம்பத்தைந்து எந்தப் படிவத்திலும் வராது, ஏனென்றால் அது நடக்காத ஒன்றின் கணக்கு. அதைப் பிடிக்க வேண்டுமானால், பயிற்சி பெறாத, மற்றபடி அதே மாதிரியான ஆட்களையும் எண்ண வேண்டும். தன்னிடம் வராத ஆளை எண்ணுவது எந்த அலுவலகத்துக்கும் பழக்கமில்லாத வேலை.

அதைச் செய்த அரசு உண்டு. மெக்சிகோவில் 1997இல் 'ப்ரோக்ரெஸா' என்ற திட்டம் தொடங்கியது. ஏழைக் குடும்பத்துத் தாய்மார்கள் கையில் பணம், பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டும், குடும்பத்தோடு மருத்துவப் பரிசோதனைக்கு வர வேண்டும் என்று நிபந்தனை. பின்னால் இருந்தவர் நிதித்துறைத் துணை அமைச்சராக இருந்த பொருளியலாளர் சாந்தியாகோ லெவி. எல்லா ஊருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்கப் பணம் கிடையாது, சில ஊர்கள் எப்படியும் காத்திருக்கத்தான் வேண்டும். வேறு எங்காவது என்றால் செல்வாக்குள்ள ஊர் முதலில் வாங்கிக்கொண்டு போயிருக்கும். இவர்கள் 506 கிராமங்களை எடுத்து, குலுக்கிப் போட்டு, 320 கிராமங்களுக்கு முதலிலும் 186 கிராமங்களுக்குப் பிறகும் கொடுத்தார்கள். காத்திருந்த ஊர்களே ஒப்பீட்டுக்கு ஆயின. பலனை மதிப்பிடும் ஆய்வு சர்வதேச உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனத்தின் பொறுப்பில் நடந்தது. பள்ளிச் சேர்க்கை கூடியது, தொடக்கப் பள்ளியைத் தாண்டிய வகுப்புகளில் பெண் பிள்ளைகளின் சேர்க்கை இன்னும் நன்றாகக் கூடியது.

2000ஆம் ஆண்டுத் தேர்தலில், 71 வருடம் ஆண்ட கட்சி வீட்டுக்குப் போனது. போகிற கட்சியின் திட்டத்தை வருகிற கட்சி மூடுவதுதான் உலக வழக்கம். புதிய அரசு இதை மூடாமல் விரிவாக்கியது, பெயரை மட்டும் 'ஒப்போர்தூனிதாதேஸ்' என்று மாற்றிக்கொண்டது. (பெயரையும் மாற்றாமல் இருக்க எந்தக் கட்சியாலும் முடியாது போல.) அதன் பிறகு இன்னொரு பெயர். 2018 டிசம்பரில் பதவிக்கு வந்த வேறோர் அரசு 2019இல் அதை நிறுத்தியும் விட்டது. சான்று இருபது வருடத்துக்குக் கவசமாக இருந்தது. ஆயுள் காப்பீடாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது வரிசையை. அங்கே கேள்வி முதலில் வந்தது, பணம் பிறகு. உங்கள் மதிப்பீட்டு அறிக்கை தாமதமாக வந்ததாக எழுதுகிறீர்கள். தாமதமாக வந்ததல்ல, தாமதமாகத் தொடங்கப்பட்டது. முதல் கட்டம் முடியும் தறுவாயில் ஆட்களை அனுப்பினால், திட்டம் வருவதற்கு முன் நிலைமை என்ன என்று கேட்க அங்கே யாரும் மிச்சமிருக்க மாட்டார்கள். அமெரிக்காவில் 2019 ஜனவரியில் கையெழுத்தான சட்டம் ஒன்று, பெரிய துறைகள் எல்லாம் தங்களுக்கு விடை தெரிந்தாக வேண்டிய கேள்விகளை முன்கூட்டியே எழுதி வெளியிட வேண்டும் என்று கட்டாயமாக்கியது. எத்தனை துறைகள் அதை மனதார எழுதுகின்றன என்பது வேறு விஷயம். 'இது எங்களுக்குத் தெரியாது' என்று ஓர் அலுவலகம் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதே எனக்குப் பெரிய சங்கதியாகத் தெரிகிறது.

'வேண்டாம்' என்ற பதில் வந்தால் தாங்கிக்கொள்கிற மனது இருக்கிறதா என்பது அடுத்த சிக்கல். தவறான வழிக்குப் போகக்கூடிய சிறுவர்களைச் சிறைக்குக் கூட்டிப்போய், கைதிகளை விட்டே மிரட்டித் திருத்தும் திட்டம் ஒன்று 1970களில் அமெரிக்காவில் பிரபலமானது. செலவு குறைவு. பார்த்தவர்கள் நெகிழ்ந்தார்கள், பெற்றோர் பாராட்டினார்கள். பிறகு ஒன்பது சோதனைகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அப்படிப் போய்வந்த சிறுவர்கள் போகாதவர்களைவிட அதிகமாகக் குற்றம் செய்திருந்தார்கள். சும்மா இருந்திருந்தாலே நல்லது. முடிவு வந்த பிறகும் பல இடங்களில் திட்டம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

எண்ணுகிறவருக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். குஜராத்தில் தொழிற்சாலை மாசைத் தணிக்கை செய்யும் தனியார் தணிக்கையாளர்களை அந்தந்தத் தொழிற்சாலையே தேர்ந்தெடுத்து, அதுவே பணமும் கொடுத்துவந்தது. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் ஆய்வாளர்களும் சேர்ந்து 2009 முதல் இரண்டு வருடம் ஒரு சோதனை செய்தார்கள். பழைய முறையில் புகைத்தூசி வரம்பை மீறியதாகத் தணிக்கை அறிக்கை சொன்னது 7 சதவீத ஆலைகளை. தனியாகப் போய் அளந்தபோது மீறியவை 59 சதவீதம். அறிக்கைகளில் இருந்த அளவுகள் வரம்புக்குச் சற்றே கீழே, கூட்டமாக, ஒரே இடத்தில் குந்தியிருந்தன. தணிக்கையாளரைக் குலுக்கலில் அனுப்பி, பொது நிதியிலிருந்து கூலி கொடுத்து, சிலவற்றை மறுபடி போய் அளந்து பார்த்ததும் பொய் பெருமளவு குறைந்தது. அதைவிட முக்கியம், ஆலைகள் வெளியேற்றும் மாசும் குறைந்தது. எண்கள் இரண்டு முறையிலும் இருந்தன. முதல் முறையில் இருந்தவற்றை வைத்து ஒரு ரூபாயைக்கூட நான் ஒதுக்க மாட்டேன்.

போன வருடத் தொகையின் மேல் ஏற்றிப் போடுவதை நீங்கள் கேலி செய்வதில் மட்டும் முழுதாகச் சேர முடியவில்லை. சம்பளம், ஓய்வூதியம், வட்டி என்று பெரும்பகுதி முன்பே வாக்குக் கொடுக்கப்பட்ட பணம். வருடா வருடம் அதையெல்லாம் பூஜ்ஜியத்திலிருந்து நியாயப்படுத்தச் சொன்னால் வேறு வேலையே நடக்காது. சான்று நகர்த்தக்கூடியது ஓரத்தில் இருக்கும் கொஞ்சத்தைத்தான். அந்தக் கொஞ்சத்தையும் பல நேரம் நாள்காட்டி தின்றுவிடுகிறது. அமெரிக்க மத்திய அரசின் கொள்முதலை இரண்டு பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். நிதியாண்டின் கடைசி வாரத்துச் செலவு மற்ற வாரங்களின் சராசரியைப் போல 4.9 மடங்கு. அந்த வாரத்தில் வாங்கிய தகவல் தொழில்நுட்பத் திட்டங்கள் தரத்திலும் கீழே. செலவழிக்காத பணம் திரும்பிப் போய்விடும் என்ற விதி இருக்கும்வரை, எந்த அறிக்கையும் அந்த வாரத்தில் வாசிக்கப்படாது.

உங்களால் ஆகக்கூடியதைக் கேட்டீர்கள். இரண்டாம் கட்டம் எல்லா இடத்துக்கும் ஒரே நாளில் போகாது. கடைசியில் போகும் இடங்கள் எவை என்று இன்றே பார்த்து, அங்கேயும் அதே தகவல்களை இப்போதே சேர்க்க ஒரு குறிப்புப் போடுங்கள். அதற்குத் தனி ஒதுக்கீடு கேட்டால் கோப்பு நகராது. 42 கட்டங்களில் பத்தை எடுத்துவிட்டு, மிச்சமாகும் நேரத்தில் செய்யலாம் என்று எழுதுங்கள். கட்டத்தை எடுக்கச் சொன்னால் பதறுவார்கள், அதை நீங்கள்தான் சமாளிக்க வேண்டும். மூன்றாம் கட்டக் கோப்பு எந்த மாதம் கிளம்பும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதற்கு ஆறு மாதம் முன்னால் அலமாரியைத் திறந்து, அந்த அறிக்கையை இரண்டு பக்கமாகச் சுருக்கி மேலே அனுப்புங்கள். முழு அறிக்கையை யாரும் படிக்க மாட்டார்கள். நீங்கள் படித்தீர்களா என்றும் கடிதத்தில் காணோம்.