சுற்றுப்பாதைக் கணக்கில் ஆர்வம் கொண்ட மகனைப் பற்றி

மதிப்பிற்குரிய அம்மா,

தொடக்கக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகன் துணைக்கோள்களின் சுற்றுப்பாதைகளை வடிவமைக்க விரும்புவதாகவும், ஏவுதளமே இல்லாத சிங்கப்பூரில் அதற்கு வேலை ஏது என்று நீங்கள் கவலைப்படுவதாகவும் எழுதியிருந்தீர்கள். ஏவுவது வேறு, பாதையைக் கணக்கிடுவது வேறு. 2015 டிசம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி ஏவுகலத்தில் சென்ற, பூமியைப் படமெடுக்கும் நமது துணைக்கோளான டெலியோஸ்-1, துருவங்களின் வழியே சுற்றாமல், நிலநடுக்கோட்டுக்கு 15 பாகை சாய்ந்த பாதையில், சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் விடப்பட்டது. நிலநடுக்கோட்டுக்கு 1.3 பாகை வடக்கே இருக்கும் நாட்டுக்குப் பொருத்தமான தேர்வு அது.

உங்கள் மகனை ஈர்ப்பது எதுவென்று நீங்களும் அறிந்துகொள்வது நல்லது. அதே உயரத்தில் நிலநடுக்கோட்டின் மேல் ஒரே ஒரு துணைக்கோள் சுற்றினால், தொடுவானத்துக்கு 10 பாகைக்கு மேலே அது சிங்கப்பூருக்குத் தெரிவது ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ எட்டரை நிமிடம்தான். பிறகு ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஒன்று மறையுமுன் மற்றொன்று எழவேண்டுமானால், சம இடைவெளியில் 13 துணைக்கோள்கள் தேவை. உயரத்தைக் கூட்டினால் எண்ணிக்கை குறையும், ஆனால் படத்தின் தெளிவும் குறையும். 35,786 கிலோமீட்டருக்குச் சென்றால், பூமி சுழலும் வேகத்திலேயே சுற்றி அது ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரிவதால் ஒன்றே போதும், ஆனால் சமிக்ஞை மேலே போய்க் கீழே வரவே கால் நொடி ஆகிவிடும். இடங்காட்டும் துணைக்கோள்களை அமைத்த ஜப்பானின் சிக்கல் வேறு: நிலநடுக்கோட்டின் மேல் நிற்கும் துணைக்கோளை அங்குள்ள உயர்ந்த கட்டடங்கள் மறைத்துவிடும் என்பதால், சாய்ந்த பாதைகளில் மூன்று துணைக்கோள்களை முறைவைத்து, எப்போதும் ஒன்றாவது தலைக்கு மேலே நிற்கும்படி அவர்கள் அமைத்தார்கள். இந்தியாவின் இடங்காட்டித் திட்டமான நாவிக்கோ அப்படி ஒரே இடத்தில் நிற்கும் மூன்றையும் சாய்ந்த பாதையில் சுற்றும் நான்கையும் கலந்து வகுக்கப்பட்டது. இவ்வாறு ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டுக்கொடுத்து எடைபோடுவதும், நிலநடுக்கோட்டருகே பூமி சற்றுப் புடைத்திருப்பதும் அந்த உயரத்து மெல்லிய காற்றும் குலைக்கும் துணைக்கோள் இடைவெளியை எவ்வளவு எரிபொருளில் காப்பது என்று கணிப்பதுமே இந்த வேலை.

படிப்பைப் பொறுத்தவரை, கணிதமும் இயற்பியலும் வலுவாக இருக்கவேண்டும். நிரலெழுதும் பழக்கமும் வேண்டும். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் விண்வெளிப் பொறியியல் பட்டப்படிப்பு உண்டு. 2011இல் ஏவப்பட்ட எக்ஸ்-சாட் துணைக்கோள் உருவானதும் அங்கேதான். ஆயினும் மகனுக்குச் சிறிதளவேனும் தயக்கம் இருந்தால் இயந்திரப் பொறியியலையோ மின்பொறியியலையோ எடுத்துக்கொண்டு, சுற்றுப்பாதை இயக்கவியலைப் பின்னர் சேர்த்துக்கொள்வதே பாதுகாப்பானது என்பது என் கருத்து. சுற்றுப்பாதை மட்டுமே வரையும் பணியிடங்கள் இங்கே மிகக் குறைவு என்பதை மறைக்க விரும்பவில்லை. அந்தத் திறனுடையவர்கள் தரைநிலைய இயக்கம், கணினி உருவகப்படுத்தல், படத்தரவு ஆகியவற்றையும் சேர்த்தே கவனிக்க நேரிடும். தேசிய சேவைக் காலத்தில் அவர் மனம் மாறவும் கூடும். அதைக் குறையாகக் கருதாதீர்கள்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். உயரத்தை 1,000 கிலோமீட்டர் ஆக்கினால் 13க்குப் பதில் எத்தனை துணைக்கோள்கள் போதும் என்று அவரையே கணக்கிடச் சொல்லுங்கள். கோசைன் தெரிந்தவருக்கு ஒரு மாலைப் பொழுது போதும், விடை 9. அதைக் கண்டதும் தாளை மூடிவைக்கிறாரா, அல்லது பாதையைச் சாய்த்தால் என்ன ஆகும் என்று தாமாகவே அடுத்த தாளை எடுக்கிறாரா என்று கவனித்து எனக்கு எழுதுங்கள். பல்கலைக்கழக விண்ணப்பத்தைப் பற்றி அதன்பிறகு பேசலாம்.